இருமுறை அலைன்மென்ட் செய்தும் கார் இடப்பக்கம் இழுக்கிறதே?

வாசகரின் கடிதம்

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன், பழைய கார் விற்கும் நிறுவனம் ஒன்றில் எட்டு வயதான ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினார். வாரத்துக்கு மூன்று முறை தாயாரை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே வாங்கிய கார் அது. முதல் மாதத்திலேயே முன்பக்க டயர்கள் இரண்டையும் புதிதாக மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டும் செய்தார். இரண்டு மாதம் கழித்து வண்டி இடப்பக்கம் இழுக்கவே, மீண்டும் ஒருமுறை அலைன்மென்ட் செய்தார். சில நாள் நன்றாக இருந்தது. பிறகு பழைய கதைதான். இப்போது இடது முன் டயரின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்துவிட்டது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வேகத்தடைகளில் மெதுவாக ஏறும்போது இடது முன்பக்கத்தில் 'டொக் டொக்' என்று தட்டுகிறது. சிக்னலில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் நகர்கிறது. கூடவே அடியில் ஏதோ ஒன்று 'டொங்' என்று ஒருமுறை இடம் மாறுகிறது. பின்னால் எடுத்து பிரேக் பிடிக்கும்போதும் அதே ஒலி. சிலேத்தார் விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரே கோட்டில் ஓடுவதில்லை. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் ஊஞ்சல்போல் ஆடுகிறது. சிகிச்சை முடிந்து களைத்திருக்கும் தாயாருக்கு அந்த ஆட்டத்தில் குமட்டல் வந்துவிடுகிறது.

ஒரு பட்டறையில், சக்கரங்களின் துள்ளலை அடக்கும் அப்சார்பர்கள் நான்கையும் ஸ்பிரிங்குகளையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி 2,600 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். இன்னொரு பட்டறையில் மூன்றாவது முறையாக அலைன்மென்ட் செய்து டயரை மாற்றிப் போட்டால் போதும் என்கிறார்கள். தம்பி, விறைப்பான ஸ்பிரிங் போடச் சொல்கிறார். மாமா, எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். கார் வாகனச் சோதனையில் தேறியதுதானே, அப்படியானால் ஆபத்து ஒன்றும் இருக்காது என்று இவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கிறார். விற்பனையாளரிடம் போய்ப் பயனில்லை, 'இருக்கிற நிலையில்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்கிறார். அடுத்த மாதம் மலேசியாவின் ஈப்போவில் உறவினர் திருமணம். இந்தக் காரில் போகலாமா என்பது கடைசிக் கேள்வி. "பட்டறையில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லாமல், வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்கிறார்கள்" என்ற வரி என்னை மிகவும் உறுத்தியது.

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாகக் கார்களின் அடியில் படுத்து வேலை செய்தவன் நான். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் "வண்டி சரியில்லை" என்ற ஒரு வரியோடு சாவியை நீட்டுவார்கள். எப்போது ஒலிக்கிறது, எந்தப் பக்கம், எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா பிடிக்காதபோதா என்று நீங்கள் எழுதியிருப்பதுபோல் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மிகச் சிலர். நோயைக் கண்டுபிடிக்கத் தேவையானதில் பாதியை நீங்களே செய்துவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை அப்படியே அச்செடுத்துப் பட்டறைக்காரர் கையில் கொடுங்கள். படிக்காமல் ஓரமாக வைக்கிறவரிடம் உங்கள் காரைக் கொடுக்க வேண்டாம்.

காரை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் சேர்ந்து ஓரிடத்தைச் சுட்டுகின்றன: இடது முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம், குறிப்பாக அதன் பின்பக்கப் புஷ்.

சக்கரத்தைக் காரின் உடலோடு கீழ்ப்பக்கம் பிணைத்திருக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் சக்கரம் திரும்புவதற்கு ஏற்ற பால் ஜாயின்ட். உடலோடு சேரும் மறுமுனைகளில் ரப்பர் புஷ்கள். நடுவில் இரும்புக் குழல், அதைச் சுற்றிக் கெட்டியான ரப்பர், அதற்கு வெளியே ஆர்மின் வளையம். பார்ப்பதற்கு அற்பமான பொருள். ஆனால் நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்கிப் பிடிப்பது அந்த ரப்பர்தான். நம் ஊர் வெப்பத்திலும், கார் நிறுத்துமிடச் சரிவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பித் திருப்பி ஏறுவதிலும் எட்டு ஆண்டுகளில் அது வெடித்திருந்தால் வியப்பில்லை.

வெடித்த புஷ் எப்படி இருக்கும் என்றால், கார் தரையில் நிற்கும்போது கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. லிஃப்டில் ஏற்றி, ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்பினால், மூடியிருந்த விரிசல் உதடு பிரிவதுபோல் திறக்கும். உள்ளிருந்து கருப்பு மாவுபோல ரப்பர்த் துகள் உதிரும். நடுக்குழல் ஒரு விரல் தடிமன்கூட நகர்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காரில் அப்படி இருந்தால், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் இடது முன்சக்கரம் அவ்வளவு தூரம் பின்னால் போகிறது. போகும்போது அதன் முகம் திரும்புகிறது. கார் அந்தப் பக்கம் இழுக்கிறது. நீங்கள் கேட்கும் 'டொங்' அந்த நகர்வின் ஒலி. பின்னால் எடுத்து பிரேக் பிடிக்கும்போது சக்கரம் எதிர்த்திசையில் நகர்வதால் அதே ஒலி மீண்டும் வருகிறது.

அலைன்மென்ட் ஏன் நிலைக்கவில்லை?

அலைன்மென்ட் செய்தவர்கள் உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் செய்த வேலை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. செய்த வரிசைதான் தவறு. அலைன்மென்ட் மேடையில் கார் அசையாமல் நிற்கிறது. பிரேக் விசை இல்லை, வளைவின் இழுப்பு இல்லை. வெடித்த புஷ் அந்த நேரத்தில் ஏதோ ஓரிடத்தில் ஓய்வாக இருக்கும். அந்த இடத்தை வைத்து டோ அளவை, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, சரிசெய்து, திரையில் எல்லாம் பச்சை என்று காட்டி அனுப்பிவிடுவார்கள். பட்டறை வாசலில் நீங்கள் முதல் பிரேக் பிடித்த கணத்தில் அந்த அளவு கலைந்துவிடும். ஆட்டம் கண்ட உறுப்பு ஒன்று இருக்கும்வரை, அலைன்மென்டை மூன்றாவது முறை செய்தாலும் பத்தாவது முறை செய்தாலும் பணம்தான் போகும். நல்ல பட்டறையில் மேடையில் ஏற்றுமுன் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் செய்ய மறுத்துவிடுவார்கள்.

டயர் நான்கு மாதத்தில் தேய்ந்ததையும் ஒரு சிறு கணக்கில் விளக்குகிறேன். சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. யீஷூனிலிருந்து சிகிச்சை நிலையத்துக்கும் திரும்பவும், வாரம் மூன்று முறை, மாதக்கணக்கில். புது டயரானால் என்ன, தேயத்தான் செய்யும். ஆகவே டயரைக் குறை சொல்லாதீர்கள். உள்விளிம்பில், டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மான அடையாளக் கட்டைகள் வெளியே தெரிந்தால் அந்த டயரில் இனி ஓட்டக் கூடாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர். கம்பி நூல் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அதைப் பின்சக்கரத்துக்கு மாற்றிப் போடுவது தீர்வாகாது. ஈரச்சாலையில் பின் டயர் பிடி தளர்ந்தால் கார் சுழன்றுவிடும்.

நான்கு அப்சார்பரும் வேண்டுமா?

உங்கள் விவரிப்பின்படி பின்பக்க இரண்டும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகத்தடை தாண்டியபின் நன்றாக இருக்கும் அப்சார்பர் ஓர் அசைவிலேயே காரை நிலைநிறுத்திவிடும். உங்கள் கார் ஊஞ்சலாடுகிறது. முன்பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் அப்சார்பரைக் குற்றஞ்சாட்டும் அறிகுறி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மெதுவாகப் போகும்போது வரும் 'டொக் டொக்' பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டின் இணைப்பு. விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை இருக்கும் மெல்லிய கம்பி, இரு முனையிலும் சிறு மூட்டு. விலை குறைந்த பொருள், மாற்றுவதும் எளிது. அந்த ஒலிக்காக அப்சார்பரை மாற்றி, ஒலி போகாமல் திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, உடைந்திருந்தாலோ, காரின் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலோ ஒழிய எட்டு வயதுக் காரில் அதை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்காது. முன் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சக்கரத்தை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, என்ஜினை நிறுத்திவிட்டு, கைவிளக்கை அடித்துப் பாருங்கள். அப்சார்பரின் மேற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக வழிந்து கீழ்வரை கோடு விழுந்திருந்தால் அது முடிந்துவிட்டது. காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை இருக்கிறதே, அதில் தோற்றால் அப்சார்பர் போய்விட்டது என்று நம்பலாம்; தேறினால் நன்றாக இருக்கிறது என்று நம்ப முடியாது.

அப்சார்பரை மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் மேடுபள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது கார் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தளர்ந்த அப்சார்பர் சொகுசைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. டயர் தரையைவிட்டுத் துள்ளும் ஒவ்வொரு கணமும் பிரேக் வேலை செய்யாத கணம்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை

பட்டறைக்குப் போகுமுன் சிலவற்றை நீங்களே சரிபார்த்துக்கொண்டால் பேச்சு சுருங்கும். காற்றழுத்தத்தைக் காலையில், கார் ஓடாத நிலையில் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே கார் அந்தப் பக்கம் இழுக்கும். அடுத்து, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பப் பல்போல் உரசினால் டோ அளவு தவறியிருக்கிறது. டயரைச் சுற்றிக் குழி குழியாக இருந்தால் அப்சார்பரையோ சக்கரச் சமநிலையையோ சந்தேகிக்கலாம்.

ஒலியைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கார் நிறுத்துமிடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், சுவரை ஒட்டி, சன்னலை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சுவர் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பது தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பட்டறைக்குப் போனதும் ஒலி மறைந்துவிடுவது கார்களுக்கு உள்ள வழக்கம். அப்போது பதிவு கைகொடுக்கும்.

ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில், மழைநீர் வடிவதற்காகச் சாலை பொதுவாக இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். ஸ்டீயரிங்கை விட்டால் எந்தக் காரும் மெல்ல இடப்பக்கம் நகரும். உங்கள் கார் பிரேக் பிடிக்கும்போது இழுக்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

தயவுசெய்து காரை ஜாக்கியில் தூக்கி நீங்களோ தம்பியோ அடியில் எட்டிப் பார்க்க வேண்டாம். ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றும் எண்ணம் அறவே வேண்டாம். அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் முகத்தையே பெயர்த்துவிடும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

சின் மிங், காக்கி புக்கிட், ஊபி என்று எங்கே போனாலும், "எவ்வளவு ஆகும்?" என்று தொடங்காதீர்கள். "என்னோடு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்" என்று தொடங்குங்கள். பிறகு காரை லிஃப்டில் ஏற்றி ஆட்டத்தைக் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டோ, சக்கரம் சுழலத் தாங்கும் பேரிங்கோ காரணம். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் என்று பிரித்துப் பார்ப்போம். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் பார்ப்போம். புஷ்ஷுக்கு நான் சொன்ன கடப்பாரைச் சோதனை. பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இறுகியிருந்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சேர்ந்து அரைமணி நேர வேலை. அதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். இலவசமாகப் பார்க்கிறவர், பார்த்த நேரத்துக்கும் சேர்த்துப் பழுதில் வசூலிப்பார்.

பழுது உறுதியானால் நான் செய்யும் வரிசை இது: முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டும், பால் ஜாயின்டோடு சேர்ந்து, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டும், பின் அப்சார்பர் இரண்டும், தேய்ந்த டயர், கடைசியாக, ஒரே ஒருமுறை, அலைன்மென்ட். புஷ்ஷை மட்டும் அழுத்தி எடுத்து மாற்றலாம். பொருள் மலிவு, கூலி அதிகம். எட்டு வயதுக் காரில் பால் ஜாயின்டும் அதே வயது என்பதால் முழு ஆர்மாகவே மாற்றுவதை நான் விரும்புகிறேன். பணம் முடையாக இருந்தால் பின் அப்சார்பரைச் சில வாரம் தள்ளிப் போடலாம். லோயர் ஆர்மைத் தள்ளிப் போட முடியாது.

இன்னொரு சொல்லை எழுதி வைத்துக்கொண்டு போங்கள்: "புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும் நிலையில் இறுக்குங்கள்." கார் லிஃப்டில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும்; முறுக்கிய ரப்பர் விரைவில் கிழியும். வேறொரு பட்டறையில் புது ஆர்ம் போட்டு ஓராண்டுகூட ஆகாத கார் ஒன்று என்னிடம் வந்தது. இரண்டு புஷ்களும் ஒரே கோணத்தில் கிழிந்திருந்தன. பொருள் நல்ல பொருள்தான், இறுக்கியவர் அவசரப்பட்டிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால், உங்களைப் பார்த்து ஆண்களை அழைத்து வரச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

உருப்படி வாரியாக விலைப்பட்டியல், பொருள் எந்தத் தயாரிப்பு, பொருளுக்கும் கூலிக்கும் எத்தனை மாத உத்தரவாதம், அலைன்மென்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாள் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். பல கார்களில் முன்சக்கரத்தில் டோ ஒன்றைத்தான் திருத்த முடியும். கேம்பரோ (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) காஸ்டரோ (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) அளவு தாண்டி நின்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தாளில் சிவப்பு இருந்தால் "இது பரவாயில்லை" என்பதை ஏற்காதீர்கள்.

சோதனையில் தேறிய கார்தானே?

மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுதோறும் என்பது இங்குள்ள கட்டாயச் சோதனை. உங்கள் கார் எட்டு வயது. அப்படியானால் கடைசியாகத் தேறியது ஏழாவது வயதில், நீங்கள் வாங்குவதற்கு முன். அன்றைய நாளில் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு அது சான்று. இன்றைய பிரேக்குக்கும் இன்றைய புஷ்ஷுக்கும் அது பொறுப்பேற்காது.

ஆகவே பட்டறையில் பார்க்கும்வரை விரைவுச்சாலையைத் தவிருங்கள். பால் ஜாயின்டில் ஆட்டம் இருப்பதாகச் சொன்னால் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். அது கழன்றால் சக்கரம் காரின் அடியில் மடிந்துவிடும். அம்மாவை ஓரிரு வாரம் டாக்சியில் அழைத்துப் போங்கள். செலவுதான், தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

ஈப்போ பயணத்துக்கும் இதுவே பதில். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110 கிலோமீட்டர். 80-இல் தடுமாறும் கார் அங்கே போகக் கூடாது. பழுது முடிந்து, குறைந்தது இரண்டு வாரம் இங்கேயே ஓட்டிப் பார்த்து, இழுப்பும் ஒலியும் இல்லை என்று உறுதியானால் போய் வாருங்கள். இல்லையென்றால் பஸ்ஸில் போகலாம். திருமணம் காருக்காகக் காத்திருக்காது.

ஜோகூர் பாரு, விறைப்பான ஸ்பிரிங்

ஜோகூர் பாருவில் கைத்திறன் மிக்க தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; கூலியும் குறைவு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் நிலையில் மூன்று தடைகள். சந்தேகத்துக்குரிய மூட்டோடு, இரு நாடுகளையும் இணைக்கும் காஸ்வேயைக் கடக்க வேண்டும். உத்தரவாதத்துக்காக மீண்டும் போக வேண்டியிருந்தால் அம்மாவின் சிகிச்சை நாள்களுக்கு நடுவே நேரம் தேட வேண்டும். மூன்றாவது, விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்குமுன் பழுதை நீக்கிவிட்டால் சான்று கையைவிட்டுப் போய்விடும்.

தம்பியின் யோசனை வேண்டவே வேண்டாம். விறைப்பான ஸ்பிரிங் ஒவ்வொரு மேட்டின் அடியையும் புஷ்களுக்கும் உங்கள் தாயாரின் முதுகுக்கும் நேராக அனுப்பும். பழைய அப்சார்பரால் அதை அடக்கவும் முடியாது.

விற்பனையாளரிடம் உங்களுக்கு உரிமை உண்டு

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் பட்டறையில் இத்தனை ஆண்டு நின்றதில் இவ்வளவு தெரியும். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள 'லெமன் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்பனையாளர். தனியாள் தனியாளுக்கு விற்றால் இது பொருந்தாது. நீங்கள் நிறுவனத்திடம் வாங்கியிருக்கிறீர்கள். 'இருக்கிற நிலையில்' என்ற வரியில் கையெழுத்திட்டதால் பயனீட்டாளரின் உரிமை அடியோடு போய்விடாது. உங்களுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இந்த வாரமே செயல்படுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தேய்மானத்தை இந்தச் சட்டம் குறையாகக் கருதாது. காரின் வயதும் விலையும் கணக்கில் வரும். வாங்குமுன்பே உங்களிடம் சொல்லப்பட்ட குறைக்கும் பிறகு உரிமை கோர முடியாது. எட்டு வயதுக் காரில் பின் அப்சார்பர் தளர்ந்திருப்பது எதிர்பார்க்கத்தக்கது. அதற்குச் சண்டை போடுவது வீண் என்பது என் எண்ணம். ஓட்டவே ஆபத்தான நிலையில் இருக்கும் லோயர் ஆர்ம் வேறு. முதல் மாதத்தில் புது டயர் வாங்கிய ரசீது, அதில் குறித்த கிலோமீட்டர், இரண்டு அலைன்மென்ட் தாள்கள், இன்று தேய்ந்திருக்கும் அந்த டயர் ஆகிய நான்கும், கோளாறு தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதற்கு வலுவான சான்றுகள்.

விற்பனையாளரோடு தொடர்பில்லாத பட்டறை ஒன்றில் சோதித்து, படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதை விற்பனையாளருக்கு அனுப்பி, குறிப்பிட்ட நாளுக்குள் பழுதுபார்த்துத் தரும்படி கேளுங்கள். முதலில் பழுதுபார்க்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ விலைக் குறைப்போ, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கும் கட்டம் வரும். தொலைபேசியில் பேசியதையும் உடனே குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் தம்முடைய பட்டறையில் பார்த்துத் தருவதாகச் சொன்னால் மறுக்க வேண்டாம். மேலே சொன்ன அதே பட்டியலை அங்கேயும் கேளுங்கள்.

ஒத்துவராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேளுங்கள். அதற்கு அடுத்தது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை அங்கே வழக்கிடலாம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட இடமில்லை. நீங்களே பேச வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு அது சிரமமாக இருக்காது.

பழுது யார் கையால் நடந்தாலும், கழற்றிய பழைய ஆர்மைப் பட்டறைக் குப்பையில் போட விடாதீர்கள். விற்பனையாளரோடு பேச்சு முடியும்வரை, தேய்ந்த டயரையும் அதையும் ஒரு பையில் கட்டி, தேதி எழுதி வீட்டில் வைத்திருங்கள்.